இரண்டு ஆசிரியர்கள், ஒரு கதை: மாணவர் கேட்க இலக்கியத்தையும் திரைப்படத்தையும் உரையாடுவது எப்படி

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் இலக்கிய நயம் கற்பிக்கிறேன். நானும் சக ஆசிரியர் ஒருவரும் ஒரு சிறுகதையையோ செய்யுளையோ படக் காட்சியையோ எடுத்துக்கொண்டு, மாணவர்கள் கேட்க உரையாடுவோம். சில நாள் வகுப்பிலேயே நேரடியாகப் பேசுவோம். பெரும்பாலும் ஒலிப்பதிவாகச் செய்து கொடுத்துவிடுவோம். இதைப் பார்த்துவிட்டு அயல் பாடசாலைகளிலும் சிலர் தொடங்கினார்கள். அவர்கள் இடறிய இடங்கள் அநேகமாக நாங்கள் இடறிய இடங்களே. முக்கால்வாசிக் கோளாறு வேலையின் வரிசை மாறிப்போவதால் வருகிறது. அதனால் வரிசைப்படி எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படைப்பின் முழுப் பிரதி இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே புத்தகத்தை இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு பேசினால், புத்தகம் யார் பக்கம் இருக்கிறதோ அவரே பேசிக்கொண்டிருப்பார். நிழற்பிரதியாக இருந்தால் இன்னும் நல்லது. அடிக்கோடு இடலாம், ஓரத்தில் திட்டலாம்.

ஆசிரியர் வழிகாட்டி, கடந்தகால வினாத்தாள்கள், அவற்றின் புள்ளித்திட்டம் ஆகியவற்றையும் தேடி எடுத்துவையுங்கள். ஆனால் அவற்றை இப்போது திறக்க வேண்டாம். ஏன் என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

பதிவுக்கு ஒரு கைத்தொலைபேசி போதும். தனி மைக்ரோபோன் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் இரண்டு பாடசாலைத் தவணைகளைப் பதிவே இல்லாமல் கழித்துவிட்டார். மைக் இல்லாமல் போனதால் கெட்ட பதிவு எதையும் நான் கேட்டதில்லை. மழையால் கெட்டவற்றை நிறையக் கேட்டிருக்கிறேன்.

2. கூடப் பேசுபவரைத் தேர்ந்தெடுத்தல்

நெருங்கிய நண்பரைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் இருவர் பேசும்போது பாதிப் பேச்சு ‘உங்களுக்குத் தெரியும்தானே’ என்று விழுங்கப்பட்டுவிடும். கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பாதி தெரியாது.

மூத்தவரும் இளையவரும் சேரும்போது வேறொரு சிக்கல் வரும். எங்கள் முதல் பதிவில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் ஆசிரியரும் புதிதாக நியமனம் பெற்ற ஓர் ஆசிரியையும் பேசினார்கள். திரும்பக் கேட்டபோது எண்ணிப் பார்த்தேன். ‘சேர் சொன்னது சரிதான்’ என்று அந்த ஆசிரியை 17 தடவை சொல்லியிருந்தார். மரியாதைக் குறைவு நேர்ந்துவிடக் கூடாதே என்ற பயம் அது. பெரியவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு மறுப்பும் வரவில்லை, கேள்வியும் வரவில்லை. இப்படியான சோடி அமைந்தால் இளையவர் முதலில் பேச வேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள். முதலில் சொன்ன கருத்தை அவர் காக்க வேண்டியிருக்கும், அதனால் வாய் தானாகத் திறக்கும்.

எங்களுக்கு மிகவும் உதவியவர் விஞ்ஞான பாட ஆசிரியர். இலக்கியக் கலைச்சொல் எதுவும் அவருக்குத் தெரியாது. ‘படிமம் என்றால் என்ன, அதைச் சொல்லாமல் விளக்குங்கள் பார்ப்போம்’ என்று மடக்குவார். பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அவர் கூச்சமில்லாமல் கேட்டுவிடுகிறார்.

3. தனித்தனியே வாசியுங்கள், வாயைத் திறக்காதீர்கள்

உரையாடலுக்கு ஒரு கிழமை முன்னரே வாசியுங்கள். வாசித்த பிறகு ஆசிரியர் அறையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. தேநீர் நேரத்தில் பேசித் தீர்த்துவிட்டால், பதிவில் கேட்பது ஏற்கெனவே முடிந்த ஒரு பேச்சின் ஒப்புவிப்பாக இருக்கும். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ‘டீச்சர், நீங்கள் வியப்பதுபோல் நடிக்கிறீர்கள்’ என்று ஒரு பையன் என்னிடம் நேராகவே சொன்னான்.

இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை பென்சில் இல்லாமல். இரண்டாம் முறை, உங்களை நிறுத்திய இடங்களில் மட்டும் கோடு இடுங்கள். அழகான வரி என்பதற்காகக் கோடு இட வேண்டாம். புரியாத வரி, உறுத்தும் வரி, எதற்கு இங்கே வந்தது என்று கேட்கத் தோன்றும் வரி, இவை போதும்.

வழிகாட்டியையும் புள்ளித்திட்டத்தையும் இதற்குப் பிறகே திறக்க வேண்டும். முதலில் திறந்தால் உங்கள் கண் அதில் சொல்லியிருப்பதை மட்டுமே கதையில் தேடும். பிறகு திறந்தால், நீங்கள் கண்டது அதில் எங்கே பொருந்துகிறது, எங்கே மீறுகிறது என்று தெரியும். பரீட்சைக்கு எது கட்டாயம் வேண்டும் என்பதும் விடுபடாது.

4. ஒரே ஒரு கேள்வி

கதைக்கரு, பாத்திரங்கள், மொழிநடை, சமூகப் பின்னணி, உத்திகள் என்று ஐந்தையும் ஒரே அமர்வில் பேசப் போனவர்கள் 47 நிமிடம் பேசினார்கள். அதில் நானும் ஒருத்தி. கடைசிவரை கேட்ட மாணவர் எத்தனை பேர் என்று விசாரித்தேன். எண்ண ஒரு கை போதுமாக இருந்தது.

இப்போது 12 நிமிடம், ஒரு கேள்வி. அந்தக் கேள்வி மூன்று சோதனைகளில் தேற வேண்டும். பிரதியின் ஒரு குறிப்பிட்ட வரியைச் சுட்ட வேண்டும். இரண்டு விடைக்கு இடம் தர வேண்டும். இரண்டு விடைக்கும் பிரதியிலேயே ஆதாரம் இருக்க வேண்டும். ‘இக்கதை உணர்த்தும் கருத்து யாது?’ என்பது முதல் சோதனையிலேயே விழுந்துவிடும். ‘கதாநாயகி செய்தது சரியா பிழையா?’ என்பது மூன்றாவதில் விழும். அது பட்டிமன்றத்துக்குப் போகட்டும்.

காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டிலேயே வாதாடும் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து நிற்பார்களே, அப்படி இருவரும் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் நம்பும் பக்கம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் லாவணிக்காரருக்கும் பாட்டில் ஆதாரம் சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டு. வரி எண் சொல்லாமல் வாதம் வைக்கக் கூடாது.

5. சொற்களைத் தனியே பிரித்து எடுத்துவிடுதல்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். ‘நம் பிள்ளைகளுக்கு நம் கதை விளங்காதா?’ என்ற நம்பிக்கை. மலையகக் கதையில் பிரட்டுக்களம், கொந்தரப்பு, பீலி, காம்பரா, அரைப் பேர் என்று வரும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளைக்கு இவை சோறு தண்ணீர் மாதிரி. நகரத்துக் கடைவீதியில் வளர்ந்த பிள்ளைக்கு ‘அரைப் பேர்’ என்றால் பாதிப் பெயர். ஒரு மாணவி ‘அவளுடைய முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் அவமதித்தார்’ என்று அரைப் பக்கம் எழுதியிருந்தாள். அரை நாள் சம்பளம் என்று ஒரு வரி முன்னாலேயே கொடுத்திருந்தால் அந்த அரைப் பக்கம் வேறு விதமாக வந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துக் கதையோ தமிழ்நாட்டுக் கதையோ வந்தால் நிலைமை தலைகீழ். வடலியும் கிடுகும் மலைப் பிள்ளைக்குப் புதிது.

உரையாடலுக்குள் சொற்பொருள் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், பேச்சின் ஓட்டம் அறுந்துவிடும். எட்டுப் பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுங்கள். பழைய செய்யுளாக இருந்தால் சொல்லுடன் நிற்காமல் பதம் பிரித்து ஒருமுறை உரக்க வாசித்தும் காட்டுங்கள். பொருள் உறுதியாகும் வரை வாதம் தொடங்கக் கூடாது. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் யாருடைய சிலம்பில் முத்து, யாருடையதில் மாணிக்கம் என்பதை மாற்றிப் பிடித்துக்கொண்ட மாணவனுக்கு மேற்கொண்டு எந்த வாதமும் விளங்காது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், அரசியின் சிலம்பில் முத்து. இதைக் கரும்பலகையில் எழுதி வைத்த பிறகுதான், பாண்டியன் விழுந்தது நீதி பிழைத்த வேதனையாலா, பழிக்கு அஞ்சியா என்று நாங்கள் பேசத் தொடங்கினோம்.

6. உரையாடல் நடக்கும் விதம்: ஓர் எடுத்துக்காட்டு

பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு துண்டு இது. பாடநூலில் தேட வேண்டாம்.

‘மாரியாயி கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். கணக்குப்பிள்ளை முள்ளைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தார். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது. “ஈரக் கொழுந்து. இரண்டு கிலோ கழிவு. இன்றைக்கும் அரைப் பேர்தான்” என்று எழுதினார். மாரியாயி ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறுங்கூடையைத் தட்டினாள். ஒட்டியிருந்த ஓர் இலை விழுந்தது. குனிந்து அதை எடுத்து, கொக்கியில் குத்திவிட்டுப் போனாள்.’

எங்கள் கேள்வி: அந்த ஓர் இலையை அவள் ஏன் கொக்கியில் குத்தினாள்? நான் பணிவின் பக்கம். விஞ்ஞான ஆசிரியர் எதிர்ப்பின் பக்கம். பதிவிலிருந்து சில வரிகள்:

‘எனக்கு இது நேர்மையாகத் தெரிகிறது, சேர். தோட்டத்து இலை ஒன்றைக்கூடத் தன்னோடு கொண்டுபோகாதவள்.’

‘எந்தச் சொல்லில் அப்படித் தெரிகிறது, டீச்சர்?’

‘“ஒன்றும் சொல்லவில்லை.” அடுத்தது “குனிந்து”. இரண்டும் அடங்கிப் போகிறவளின் சொற்கள்.’

‘குனிந்தது இலையை எடுக்க. கணக்குப்பிள்ளைக்கு முன்னால் குனிந்ததாக எழுதியிருக்கவில்லையே. கீழே போட்டுவிட்டுப் போயிருக்கலாம், கொட்டிய கொழுந்தோடு சேர்த்திருக்கலாம். ஏன் கொக்கியில்?’

‘சரி. அவளுக்குக் கோபம் என்றால் முகத்தைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்க வேண்டாமா?’

இந்த இடத்தில் நிறுத்தினோம். நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. என் கேள்விக்கு அவரிடம் உடனடி விடை இல்லை. ‘யோசிக்க வேண்டும்’ என்றார். புதியவர்கள் இப்படியான மௌனத்தை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். ஆசிரியருக்கும் விடை தெரியாத நேரம் உண்டு என்பதைப் பிள்ளை காதால் கேட்கட்டும். அந்த நான்கைந்து விநாடியில்தான் அது தானாக யோசிக்கத் தொடங்குகிறது.

அந்த முறை விடை சொன்னவள் தரம் 10 மாணவி ஒருத்தி. அடுத்த நாள் கையை உயர்த்தி, ‘டீச்சர், முதல் வரியில் கணக்குப்பிள்ளை முள்ளைப் பார்க்கவில்லை. இப்போது கொக்கியில் ஓர் இலைதான் தொங்குகிறது. இதற்காவது முள்ளைப் பாருங்கள் என்று காட்டிவிட்டுப் போகிறாள்’ என்றாள். எழுதிய எனக்கே அந்த இரண்டு வரிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பது அதுவரை தெரியாது.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, கதையை முதலிலிருந்து திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது. வாசிக்காத பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைத்துச் செய்கிறோம். அதன் பிறகு யாரும் வாசிப்பதில்லை. மற்றது, முடிவில் ‘இருவர் சொல்வதும் சரியே’ என்று சமாதானம் செய்துவைப்பது. அது கலியாண வீட்டுக்குப் பொருந்தும். இங்கே, யாருடைய ஆதாரம் எந்த வரியில் பலமாக இருந்தது, எந்த வரியில் ஆட்டம் கண்டது என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

7. திரைப்படமாக இருந்தால் வரிசை சற்று மாறும்

முழுப் படத்தையும் பேச வேண்டாம். இரண்டு மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுங்கள். முழுப் படம் என்றால் பேச்சு நடிகரிடமும் பாட்டிடமும் போய்ச் சேர்ந்துவிடும். ஆசிரியர் அறையில் நாங்களே இதற்கு விதிவிலக்கல்ல.

காட்சியை மூன்று முறை பாருங்கள். முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் படம் மட்டும். பிறகு திரையை மூடிவிட்டு ஒலி மட்டும். மூன்றாவதாக இரண்டும் சேர்த்து. இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதலிலேயே வசனத்தைக் கேட்டுவிட்ட கண் பிறகு எதையும் பார்ப்பதில்லை, கதையைத்தான் பின்தொடர்கிறது. ஒலியை அடைத்தால் கெமரா எங்கே நிற்கிறது, யார் உயரத்திலிருந்து பார்க்கிறது, எத்தனை முறை வெட்டு விழுகிறது என்பதெல்லாம் தெரியவரும். ஒலி மட்டும் கேட்கும்போது, வசனத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் மழையும் ரயிலும் காதில் விழும்.

படத்தொகுப்பை விளக்கப் பல ஆசிரியர்கள் வரைவிலக்கணத்தை எழுதிப் போடுகிறார்கள். லெவ் குலேஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் செய்துகாட்டியதைக் கைத்தொலைபேசியிலேயே செய்யலாம். உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை அவர் ஒரு சூப்புக் கிண்ணத்தோடும் ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். நாங்கள் எங்கள் காவலாளி ஐயாவைச் சும்மா ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அடுத்ததாக வெறும் கேத்தல் ஒன்று, உடைக்காத கடிதம் ஒன்று, பஸ் போன பிறகு வெறிச்சோடிய வீதி ஒன்று. முகத்தைக் காட்டி அடுத்ததைக் காட்ட, ‘ஐயாவுக்குப் பசி’, ‘ஐயாவின் மகன் கொழும்பிலிருந்து எழுதியிருக்கிறான்’, ‘ஐயா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்’ என்று பிள்ளைகள் கதை கட்டினார்கள். படம் எடுத்தபோது ஐயா மத்தியானச் சாப்பாடு முடித்துத் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

பிறகு மாரியாயியிடம் திரும்பி வந்தோம். அந்தத் துண்டைப் படமாக எடுப்பதாக இருந்தால் கடைசி ஷாட்டில் எதைக் காட்டுவீர்கள்? அவள் முகத்தை அண்மைக் காட்சியில் காட்டினால், கோபமா பணிவா என்று நடிகை முடிவு செய்துவிடுவார், கேள்வியே இல்லாமல் போகும். முதுகைக் காட்டினால் கேள்வி உயிரோடு இருக்கும். கொக்கியில் ஆடும் இலையையும் கணக்குப்பிள்ளையின் கண்ணையும் அடுத்தடுத்து வைத்தால் அந்த மாணவி சொன்ன விடை திரையில் வந்துவிடும். எழுத்தில் முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது ஏன் என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் எங்களுக்கு வழி பிறந்தது. இலக்கியத்தையும் படத்தையும் வேறுவேறு தவணைக்கு ஒதுக்காமல் அடுத்தடுத்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘34ஆவது நிமிடத்தில் பாருங்கள்’ என்று குறிப்புக் கொடுக்காதீர்கள். தொலைக்காட்சிப் பிரதியிலும் இணையப் பிரதியிலும் நீளம் ஒன்றாக இருக்காது. ‘கதவு திறப்பதில் தொடங்கி விளக்கு அணைவது வரை’ என்று காட்சியின் முதலையும் முடிவையும் சொல்லுங்கள். படத் துண்டை வெட்டிக் குழுக்களில் அனுப்பவும் வேண்டாம். அது பிறருடைய உரிமை. வகுப்பில் காட்டுங்கள், உங்கள் பேச்சை மட்டும் அனுப்புங்கள்.

8. பதிவு செய்தல்

தகரக் கூரையின் கீழே மழை நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். நேரில் பேசும்போது காது மழையை ஒதுக்கிவிடும், தொலைபேசி ஒதுக்காது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களுக்கு வேண்டிய பதிவுகளை ஏப்ரல் விடுமுறைக்கு முன்னரே முடித்து வைத்துவிடுவோம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு வடகீழ் மழை வரும் ஆண்டு இறுதி மாதங்கள் சிக்கல்.

புத்தகங்கள் நிறைந்த சிறிய அறை நல்லது, எதிரொலி குறையும். வெறும் சுவர் வகுப்பறை வேண்டாம். தொலைபேசியை மேசையில் நேரடியாக வைத்தால் பேனா விழும் சத்தமும் இடிபோல் பதியும். கம்பளியை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். இருவருக்கும் சம தூரத்தில் இருக்கட்டும், மெல்லிய குரல்காரர் இருந்தால் அவர் பக்கம் சற்றுத் தள்ளி வையுங்கள். தொலைபேசியைப் பறக்கும் நிலையில் (ஃபிளைட் மோட்) போட்டுவிடுங்கள். நல்ல இடத்தில் அழைப்பு வந்து அறுந்த பதிவுகள் எங்களிடம் மூன்று இருக்கின்றன.

அரை நிமிடம் பேசி, கேட்டுப் பார்த்து, பிறகு தொடங்குங்கள். முழுவதையும் பேசி முடித்த பிறகு ஒன்றும் பதியவில்லை என்று தெரியும்போது, அதே பேச்சு இரண்டாம் முறை வராது.

எழுதி வைத்து வாசிக்க வேண்டாம். கேள்வியும் வரி எண்களும் மட்டும் ஒரு துண்டுத் தாளில் இருக்கட்டும். தடுமாறினால் அந்த வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லிவிட்டுப் போங்கள்.

9. மாணவர் கையில் கொடுத்தல்

காணொளி வேண்டாம், குரல் மட்டும் போதும். பத்துப் பன்னிரண்டு நிமிடக் குரல் பதிவு சில எம்பிகளுக்குள் அடங்கும். வீடியோ அதைவிடப் பல மடங்கு. அந்த டேட்டாவுக்குக் காசு கொடுப்பது கொழுந்து பறிக்கிற ஒரு தாய்.

வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு ‘எல்லாருக்கும் கிடைத்தது’ என்று நினைப்பது மிகப் பெரிய பிழை. வீட்டில் ஒரு தொலைபேசிதான் இருக்கும், அது காலையில் மலைக்குப் போய்விடும், அல்லது கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோடு இருக்கும். சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில். குழுவில் நீல நிறக் குறி விழுந்ததை வைத்துக் கணக்குப் பார்த்த ஓர் ஆசிரியர், வகுப்பில் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டார், பாதிப் பேருக்காக அப்பாமார்தான் கேட்டிருக்கிறார்கள். ஓர் அப்பாவுக்குக் கதை பிடித்துப்போய் முடிவைப் பற்றி அபிப்பிராயமும் சொல்லி அனுப்பியிருந்தார். அது தனிச் சந்தோஷம்.

எங்கள் வழி இது: பழைய தொலைபேசி ஒன்றை நூலகத்தில் வைத்திருக்கிறோம். இடைவேளையில் நான்கு நான்கு பேராகக் கேட்கலாம். வேண்டியவர்கள் புளூடூத்தில் எடுத்துக்கொள்வார்கள். தவணைக்கு இரண்டு முறை 40 நிமிடப் பாடவேளை ஒன்றில் ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

கேட்பதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவேன். ஒவ்வொருவரும் தன் விடையை ஒரே வாக்கியத்தில் எழுதித் தர வேண்டும். பிழையாக இருக்கலாம், வெறுமையாக இருக்கக் கூடாது. தன் கருத்தை எழுதிவிட்டுக் கேட்கும் பிள்ளை, எங்கள் பேச்சில் தன் பக்கத்தைத் தேடுகிறது, மறுக்கிறது. எழுதாமல் கேட்கும் பிள்ளை கொப்பியைத் திறந்து நாங்கள் சொல்வதைக் குறிப்பாக எழுதத் தொடங்குகிறது. இந்த ஒரு படியை விட்டால் முன் சொன்ன எட்டும் வீண்.

10. பரீட்சை விடையாக மாற்றுதல்

இங்கேதான் பெற்றோரும் அதிபரும் கேள்வி கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. பேச்சு நன்றாக இருந்தது, புள்ளி வருமா?

கேட்ட மறுநாள் புள்ளித்திட்டத்தை எடுத்து, அது கேட்பவற்றில் உரையாடலில் வராத பகுதிகளைப் பட்டியலிட்டுக் குறிப்பாகக் கொடுத்துவிடுவேன். ஆசிரியர் பெயர், கதை எழுந்த சூழல், உத்திகளின் பெயர்கள் போன்றவை அவை. அவற்றுக்கு உரையாடல் தேவையில்லை, மனனம் போதும்.

பிறகு ஒரு பத்தி எழுதச் சொல்வேன். வரிசை: என் கருத்து, அதற்கான வரி, அந்த வரியின் எந்தச் சொல் எனக்கு அப்படிச் சொல்கிறது, எதிர்ப்பக்கத்துக்காரர் எதைக் காட்டுவார், அதற்கு என் பதில். முதல் மூன்றும் எல்லோருக்கும் வந்துவிடும். நான்காவது வருவதற்கு ஒரு தவணை ஆகும்.

முதல் ஆண்டு தவணைப் பரீட்சையில் நாங்கள் வாங்கிய அடி மறக்காது. ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: ‘மாரியாயி பணிவானவள் என எங்கள் டீச்சர் கூறுகிறார். இல்லை என விஞ்ஞான சேர் கூறுகிறார். இருவரும் நல்லவர்கள்.’ பிழை எங்களுடையது. எங்கள் பேச்சைத்தான் அவன் படித்திருந்தான், கதையை அல்ல. அதிலிருந்து விடைத்தாளில் எங்கள் இருவரையும் பற்றிப் பேசத் தடை. ‘டீச்சர்’ என்ற சொல் வந்தால் அந்த வாக்கியத்துக்குப் புள்ளி இல்லை.

இன்னொன்று: உரையாடலில் நான் தோற்ற பக்கத்தை எடுத்து எழுதும் பிள்ளைக்குப் புள்ளி குறையாது என்று வாயால் சொன்னால் போதாது. ஒரு விடைத்தாளை வகுப்பில் காட்ட வேண்டும். என்னை மறுத்து எழுதி அதிகப் புள்ளி பெற்ற ஒரு தாளைப் பெயரை மறைத்து ஒட்டினோம். அடுத்த கிழமை மறுப்புகள் குவிந்தன, பாதி அவசரத்தில் எழுதியவை. ஆனாலும் எல்லாவற்றிலும் ஒரு வரியாவது கதையிலிருந்து எடுத்துக் காட்டப்பட்டிருந்தது.

11. பழைய பதிவுகளை என்ன செய்வது

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது படைப்பின் பெயர், கேள்வி, ஆண்டு மூன்றையும் சேருங்கள். ‘பதிவு 14’ என்று வைத்தால் அடுத்த ஆண்டு நீங்களே தேடமாட்டீர்கள். பாடத்திட்டம் மாறும்போது படைப்புகளும் மாறும். மாறாத படைப்பாக இருந்தாலும் ஒரே பதிவை மூன்றாம் ஆண்டும் ஓடவிடாதீர்கள். அண்ணன் அக்காமாரிடமிருந்து விடை முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடுகிறது.

மாரியாயிப் பதிவை இரண்டு ஆண்டுக்குப் பிறகு அழித்துவிட்டோம். மறுபடி பேசியபோது எதிர்ப்பின் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன், பணிவின் பக்கம் விஞ்ஞான ஆசிரியர். இந்த முறை அவர் ‘காலைப் பார்த்தார்’ என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டார். இரத்தத்தைக் கண்ட பிறகும் இரண்டு கிலோ கழிக்கிறாரே, அந்த மனிதரிடம் எதைக் காட்டி எதிர்ப்பது, அவளுக்கு அது தெரியாதா என்று கேட்டார். எனக்கு உடனே விடை வரவில்லை. பதிவில் அந்த மௌனம் ஆறு விநாடி.